பத்துத் தம்பதிகளும் தட்டில் வைத்த முட்டையும்

போன மாதம் மாரீஸ்வரி போன் செய்தார். ஓய்வு பெற்று நான் எழுந்துவந்த நாற்காலியில் உட்கார்ந்து, இப்போது உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறவர். நாற்காலியின் ஒரு கால் ஆடுவதை நான் சொல்லாமல் வந்துவிட்டேன். அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"சார், பிள்ளைக கணக்கப் போட்டோ எடுத்து போன்ல போட்டு, இதுக்கு என்ன டெஸ்ட்டுன்னு கேட்டுக்கிடுதுக. அதுவும் சொல்லிருது. பரீட்சை ஹாலுக்குள்ள போன் கிடையாதுல்லா? அங்க போய் முழிக்குதுக. நீங்க ஒரு அட்டை வச்சிருந்தீங்களாமே, அதப் பத்தித் துறை மலருக்கு எழுதிக் குடுங்க சார். 'தேர்வு உத்திகள்'னு தலைப்பு போட்டுக்கிடுதோம்."

எழுதித் தருவதாகச் சொன்னேன். அந்த அட்டையால் பாஸானவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அதை நம்பாததால் ஃபெயிலான ஒரு பெண்ணை மட்டும் நன்றாகத் தெரியும்.

எங்கள் கல்லூரி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. ரிசல்ட் மோசமான வருடங்களில் ராஜபாளையத்துக்காரர்கள் அதை வில்லிபுத்தூர் காலேஜ் என்பார்கள். வில்லிபுத்தூர்க்காரர்களும் பெருந்தன்மையாக அதை ராஜபாளையத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மனித மனத்தின் ஆழங்களை விளக்கலாம் என்ற ஆசையில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்குள் துறைத்தலைவர் ஆழங்களையெல்லாம் மூத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டிருந்தார். புள்ளியியல்தான் மிச்சம். "ப்ளஸ் டூவுல மேத்ஸ் குரூப்புதானே நீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் முப்பது வருடம் தீர்மானமானது.

உளவியலுக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கணக்குக்குப் பயந்து தப்பி வந்தவர்கள். அவர்கள் தப்பித்துவிட்டோம் என்று நிம்மதியாக மூச்சு விடுகிற நேரத்தில் நான் வகுப்புக்குள் நுழைவேன். இரண்டு குழுக்களுக்கு நடுவே தெரிகிற வித்தியாசம் நிஜமானதா, தற்செயலா என்று பார்ப்பதற்குத்தான் இந்தச் சோதனைகள். சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுக்க எல்லாருக்கும் வரும். எந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரம் என்பதில்தான் வகுப்பே கவிழும்.

அதற்காகத்தான் அட்டை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. தலைகளை எண்ணியிருந்தால் கை-ஸ்கொயர். அட்டவணையில் மூன்று பத்தி இருந்தால் அனோவா. 'முன்', 'பின்' என்று இருந்தால் ஜோடி டி டெஸ்ட். இரண்டு பத்திக்கு இரண்டு வேறு பெயர் இருந்தால் தனிக்குழு டி டெஸ்ட். கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: 'கதையைப் படிக்காதே.'

புள்ளியியல் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு கதையோடுதான் தொடங்கும். 'ஒரு நூற்பாலையில் பணிபுரியும் தொழிலாளர்களின் களைப்பை அறிய விரும்பிய ஆய்வாளர்...' என்று. இளகிய மனசுள்ள பிள்ளைகள் அந்த வரியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பையன் கணக்கையே போடாமல், அந்தத் தொழிலாளர்களுக்கு மதியம் அரை மணி நேரம் கூடுதல் ஓய்வு தரலாம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதிவைத்தான். அதற்குப் பிறகுதான் சிவப்பு மை. அட்டவணையின் தலைப்பைப் பார், கடைசி வரியைப் பார், சூத்திரத்தைப் போடு. ஜெராக்ஸ் கடைகளின் புண்ணியத்தில் என் அட்டை பக்கத்துக் கல்லூரிகளுக்கும் பரவியது. ஒரு கருத்தரங்கில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்து, "அட்டை வேலுச்சாமி சார் நீங்கதானா?" என்று கண்கலங்கினார். நானும் அதை மறுக்கவில்லை.

அட்டையை வாங்க மறுத்தவள் ஒருத்திதான். முத்துமாரி. வன்னியம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அப்பா ராணுவத்தில் இருந்து வந்தவர். அதனாலோ என்னவோ, கேள்வி கேட்கும்போதும் விறைப்பாக எழுந்து நிற்பாள்.

"சார், கதையப் படிக்காம எப்படி சார் கணக்கப் போடுறது?"

"படிச்சா என்னம்மா கிடைக்கும்?"

"யாரு எவருன்னு தெரியும்லா சார்."

"தெரிஞ்சா மார்க்கு போடுவாங்களா? சம்பந்தமா பேசப் போற?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாதாரணமாக என் நகைச்சுவைக்கு யாரும் சிரிப்பதில்லை என்பதால் அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவள் உட்கார்ந்தாள். அட்டையை மடிக்காமல், கசக்காமல், மேஜை ஓரத்துக்கு ஒதுக்கிவைத்தாள்.

அந்த வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஒரு கவர் வந்தது. கவருக்குள் கவர், அதற்குள்ளும் ஒரு கவர். வினாத்தாள் எடுத்துத் தர வேண்டும். கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியக்கூடாது என்று கடிதத்தில் இருந்தது. மனைவி அந்தக் கவரைத் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் படித்துவிட்டு, "கொஸ்டின் பேப்பர் போலருக்கு" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். ரகசியம் அந்த அளவில் பாதுகாக்கப்பட்டது.

வினாத்தாள் எடுப்பவர்கள் யாரும் புதுக் கணக்கு உண்டாக்குவதில்லை. பழைய கணக்குக்குப் புதுச் சட்டை போட்டு அனுப்புவதே எங்கள் வழக்கம். என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. முதன்முதலில் அது மில்லில் வேலை பார்க்கும் பத்து ஆண்கள், பத்துப் பெண்களின் மனநிறைவு. அடுத்த முறை அவர்களே நாய் வளர்ப்பவர்களாகவும் பூனை வளர்ப்பவர்களாகவும் ஆனார்கள். அதற்கடுத்து பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டில் முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட். எண்களை மட்டும் தொடமாட்டேன். தொட்டால் நான் மறுபடியும் கணக்குப் போட வேண்டியிருக்கும். கூட்டும்போது கண் தடுமாறாமல் இருக்கட்டும் என்று இரண்டு பத்தியையும் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு வரிசையாக அடுக்கியும் வைத்திருந்தேன்.

அந்த முறை என்ன சட்டை போடலாம் என்று யோசித்தேன். கல்யாண சீசன். பத்துத் தம்பதிகள், இல்லற மனநிறைவு. ஒரு பத்திக்குத் தலைப்பு 'கணவர்', அடுத்ததற்கு 'மனைவி'. விடைக்குறிப்பு பழைய நோட்டில் தயாராக இருந்தது. தனிக்குழு டி டெஸ்ட், விடை 0.76, இருவருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கவருக்குள் கவர், அதற்குள் கவர் என்று ஒட்டி அனுப்பினேன்.

விடைத்தாள் திருத்தும் முகாமிலும் நான் இருந்தேன். அங்கே தலைமைத் தேர்வாளர் எபனேசர் சார். விடைக்குறிப்பை எல்லாரும் 'கீ' என்றுதான் சொல்வோம். அவர் அந்தக் கீயை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். யாராவது சந்தேகம் என்று போனால் அதை வெளியே எடுக்கமாட்டார். பையின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, "கீ என்ன சொல்லுது?" என்பார். கேட்டவர் பதில் சொல்வார். "பொறவு?" என்பார். அதற்கு மேல் யாரும் நின்றதில்லை. குரலை உயர்த்தமாட்டார், முகத்தைச் சுளிக்கமாட்டார். காலையில் வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேஜையை விட்டுவிட்டு அடுத்த மேஜையில் உட்காருவார். தாள் பறந்தால் நேரம் வீணாகுமாம்.

திருத்தும் முறையையும் அவர்தான் சொல்லித் தந்தார். "மொதல்ல டி.எஃப். பாரும். பதினெட்டா, உள்ள போம். பதினெட்டு இல்லியா, அடுத்த பக்கத்தத் திருப்பும்." டி.எஃப். என்பது எத்தனை பேரை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதிலிருந்து வருகிற எண். பத்தும் பத்தும் இருபது தனித்தனி ஆள் என்று எடுத்தால் பதினெட்டு வரும். பத்து ஜோடி என்று எடுத்தால் ஒன்பது வரும்.

ஒரு தாளில் ஒன்பது இருந்தது. விடை 7.12, வித்தியாசம் உண்டு என்று முடிந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் நாலு வரி. 'இவர்கள் கணவன் மனைவி, ஒரே வீட்டில் இருப்பவர்கள்' என்று ஆரம்பித்தது. விடைத்தாளின் ஓரத்தில் பிள்ளைகள் எழுதுவது எங்களுக்குப் புதிதல்ல. 'ஐயா, எங்கள் வீட்டு நிலைமை சரியில்லை, தயவுசெய்து பாஸ் போடவும்' என்ற ரகம். இதுவும் யார் வீட்டிலோ நடக்கிற சண்டை என்று நினைத்து அதற்கு மேல் படிக்கவில்லை. இருந்தாலும் எபனேசர் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"சார், இதுல 7.12 வந்துருக்கு."

பையைத் தட்டினார். "கீ என்ன சொல்லுது?"

"0.76."

"கூடத்தானய்யா போட்டுருக்கு. குறைச்சுப் போட்டுருந்தாலாவது பரிதாபப்படலாம். பொறவு?"

இடத்துக்கு வந்து பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு முட்டை போட்டேன். என் முட்டைக்கு ஒரு விசேஷம் உண்டு. யாரும் அதைத் திருத்தி ஆறாகவோ ஒன்பதாகவோ ஆக்கிவிடக்கூடாது என்று அடியில் ஒரு கோடு இழுப்பேன். தட்டில் வைத்த முட்டை மாதிரி இருக்கும்.

ரிசல்ட் வந்தது. எங்கள் வகுப்பில் முத்துமாரி மட்டும் பதினொரு மதிப்பெண் குறைந்து ஃபெயிலாகிவிட்டாள். இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கையில் விடைத்தாளின் நகலும், மறுமதிப்பீட்டு விண்ணப்பமும்.

"சார், இதுல பாட ஆசிரியர் கருத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"ரிவேல்யூவேஷன்ல ஒண்ணும் வராதும்மா. அடுத்த தடவ எழுதிரு."

"அடுத்த தடவைக்கு ஆறு மாசம் ஆகும் சார். ராஜபாளையத்துல ஒரு மில்லு ஹாஸ்டல்ல பிள்ளைகளுக்குக் கவுன்சிலர் வேலை. எடுத்துக்கிட்டாவ. மாசக் கடைசிக்குள்ள சர்ட்டிபிகேட்டக் கொண்டு வரலன்னா வேற ஆளப் போட்டுருவாவளாம்." எண்ணிப் பார்த்தால் மாதக் கடைசிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. "நான் சரியாத்தான் சார் போட்டுருக்கேன்."

நகலை வாங்கிப் பார்த்தேன். என் கணக்கு. என் பத்துத் தம்பதிகள். பக்கத்தில், தட்டில் வைத்த முட்டை.

அந்த முட்டை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. கேள்வி யாருடையது என்பதும் தெரியாது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவப் போகிற மாதிரி உள்ளே போனேன். அப்போதும் என் மனசில், அவள் தப்பாகப் போட்டிருக்கிறாள், அதை எப்படி நோகாமல் சொல்வது என்ற கவலைதான் இருந்தது. திரும்பி வந்தபோது என் மனைவி அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு, நகலைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, யாரு இந்தப் பத்து வீட்டுக்காரங்க?"

"யாரும் இல்ல. சும்மா கணக்குக்கு."

"சும்மாவா? 38, அவளுக்கு 34. 41, அவளுக்கு 39. 44, 40. மேலருந்து கீழ வர எல்லா வீட்லயும் ஆம்பளைதான் கூடச் சந்தோஷமா இருக்கான். ஒரு வீட்லயாவது பொம்பள கூட இருக்காளான்னு தேடிப் பார்த்துட்டேன், இல்ல. வித்தியாசம் உண்டுன்னு எழுதுன பிள்ளைக்கு எவன் முட்டை போட்டான்?"

முத்துமாரி காபியை வாயில் வைத்தபடி அப்படியே நிறுத்தினாள்.

நான் அந்த இரண்டு பத்தியையும் பார்த்தேன். இத்தனை வருடமாக மேலிருந்து கீழாக மட்டுமே கூட்டிய எண்களை முதல்முறையாகக் குறுக்கே படித்தேன். ஒவ்வொரு வரியும் ஒரு வீடு. புருஷன் எண் குறைந்தால் பெண்டாட்டி எண்ணும் குறைகிறது, ஏறினால் ஏறுகிறது. இவர்கள் இருபது தனி ஆட்களாக இருந்தது மில்லில் வேலை பார்த்த காலத்தில். நான்தான் அவர்களுக்குத் தாலி கட்டிவைத்து, பிறகும் தனித்தனி ஆளாக நடத்தினேன். தம்பதிகள் என்று எழுதிய அந்த நிமிடமே ஜோடி டி டெஸ்ட் ஆகிவிட்டது. அதோடு கூட்ட வசதி என்று வரிசையாக அடுக்கிய பாவத்தில், உலகத்தில் எங்குமே இல்லாத அளவுக்குப் பொருத்தமான பத்து ஜோடிகளை உண்டாக்கியிருக்கிறேன். அந்தக் கதையை எழுதியவன் நான். அதைப் படிக்காதவனும் நான்.

ஓரத்து நாலு வரியையும் அப்போதுதான் முழுக்கப் படித்தேன். 'இவர்கள் கணவன் மனைவி, ஒரே வீட்டில் இருப்பவர்கள். ஒருவர் மதிப்பெண் மற்றவரைச் சார்ந்தது. எனவே ஜோடியாகவே எடுத்திருக்கிறேன்.' யார் வீட்டுச் சண்டையும் இல்லை. முழு மதிப்பெண்ணுக்கான விளக்கம்.

வகுப்பில் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவன், கேள்வி எடுத்தவன், கீ எழுதியவன், முட்டை போட்டவன். ஒரு பெண்ணை ஃபெயிலாக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். பல்கலைக்கழகத்துக்குச் செலவு வைக்காமல் நாலு பேராகவும் நானே இருந்திருக்கிறேன்.

கட்டத்தில் 'மாணவி செய்தது சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது போதாது என்பது எனக்குத் தெரியும். மறுமதிப்பீடு செய்கிறவர் கையிலும் அதே கீதான் இருக்கும். அவரும் ஒன்பதைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார். கீயை மாற்றினால்தான் உண்டு.

மறுநாள் ராஜபாளையத்தில் எபனேசர் சார் வீட்டுக்குப் போனேன்.

"சார், அந்தக் கீ தப்பு."

அன்று பனியன்தான் போட்டிருந்தார். கை மட்டும் தானாக நெஞ்சுக்குப் போய், பை இல்லை என்று கண்டு கீழே இறங்கியது.

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"வே, அது எனக்குத் தெரியக்கூடாது. நீரு சொன்னது என் காதுல விழல." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "சரி, விழல. சொல்லும்."

சொன்னேன். வினாத்தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேள்வியை முதல் வார்த்தையிலிருந்து படித்தார். அவர் கேள்வியைப் படித்து நான் பார்த்தது அன்றுதான்.

"தம்பதின்னு இங்கனயே போட்டிருக்கே!"

"ஆமா சார்."

"எத்தனை பேரு பதினெட்டுன்னு போட்டிருக்கான்?"

"என் கட்டுல அம்புட்டு பேரும். இந்தப் பிள்ளையத் தவிர."

"அப்ப அதுதானய்யா சரியா இருக்கணும். எப்படி அம்புட்டு பேரும் ஒண்ணுபோலத் தப்புப் பண்ணுவான்?"

"நான் ஒரு அட்டை போட்டுக் குடுத்திருந்தேன் சார்."

"எங்க காலேஜிலயும் அந்த அட்டைதான்" என்றார் வருத்தத்தோடு.

பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்ததும் சிவப்புப் பேனாவை எடுத்தார். பழக்கதோஷம், ஓரத்தில் ஒரு டிக் போட்டார். பிறகு 'விடைக்குறிப்பில் பிழை' என்ற இடத்தில் 'பிழை'யை அடித்து 'தெளிவின்மை' என்று எழுதினார்.

"இப்படிப் போட்டா உமக்குச் சேதாரம் இல்ல. போர்டு கூடும்போது பார்த்துக்கிடுவாவ."

"போர்டு எப்பக் கூடும்?"

"அடுத்த மாசம். இல்ல, அதுக்கடுத்த மாசம்."

"பிழைன்னு போட்டா?"

"அப்பக் கண்ட்ரோலர் உடனே எடுத்தாகணும். ரூல் அப்படி. ஆனா யாரு பிழைன்னு ஃபைல்ல உம்ம பேரு ஏறும். அப்புறம் உமக்குக் கவரு வராது வே. ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எம்புட்டு நாளு இருக்கு?"

"நாலு மாசம்."

"பிரிவு உபசாரத்துல உம்மப் பத்தி நாந்தான் பேசணும். என்னன்னு பேச?"

நான் என்னைத் தியாகி என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. அந்தச் சிவப்பு 'தெளிவின்மை'யை வெகு நேரம் ஆசையாகப் பார்த்தேன். எவ்வளவு மரியாதையான சொல். யாருமே எதையுமே செய்யாத மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பெண் விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியது ஞாபகம் வந்தது. வேறு தாள் கேட்டு, 'பிழை, என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எபனேசர் சார் அதை நாலாக மடித்தார். வைப்பதற்குப் பை இல்லாததால் கையிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

பல்கலைக்கழகம் தன் பாணியில் தீர்ப்பு வழங்கியது. தனிக்குழு முறையும் சரி, ஜோடி முறையும் சரி, இரண்டுக்கும் முழு மதிப்பெண். இதனால் தப்பாகப் போட்ட எல்லாரும் தப்பாகப் போட்டபடியே பாஸாக இருந்தார்கள். சரியாகப் போட்ட ஒருத்தியும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளப்பட்டாள். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. என் நீண்ட நாள் சேவைக்கு நன்றி, இனி வினாத்தாள் பணிக்கு என்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். இந்த முறை ஒரே கவர்தான்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது முத்துமாரிக்குச் சர்ட்டிபிகேட் கிடைத்தது. வேலையில் சேர்ந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். வில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கி வந்திருந்தாள். புறத்தேர்வாளர்களுக்கு மட்டுமே பால்கோவா வாங்கிக் கொடுத்துப் பழகியவன் நான். என் கைக்கு ஒரு பெட்டி வந்தது அன்றுதான். அப்பா விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேள்வி, கீ, முட்டை, தட்டு உட்பட.

"அந்த முட்டையப் பார்த்து வீட்ல எல்லாரும் சிரிச்சாவ சார். யாரோ அழகாப் போட்டிருக்காவன்னு" என்றாள்.

வகுப்பில் நான் வாங்கிய சிரிப்புக்கு அது பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது என் மனைவியிடம் திரும்பினாள். "அம்மா, அன்னிக்கு நீங்க எல்லா வீட்லயும் யாரு கூடன்னு எண்ணிச் சொன்னீங்கள்லா? அதுக்குப் பேரு சைன் டெஸ்ட். பெரிய புத்தகத்துல இருக்கு. சூத்திரமே இல்லாமப் போட்டுட்டீங்க."

என் மனைவி என் கையிலிருந்த பால்கோவா பெட்டியை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"டெஸ்ட்டெல்லாம் எனக்கு வராதும்மா. நான் படிச்சு மட்டும்தான் பார்த்தேன்."